தேதி போட்ட வரிக்குறைப்பு: அமெரிக்காவுல இந்த சண்டை ஏன் ஓயவே மாட்டேங்குது?

கேள்வி இது: "வரியை குறைச்சா குறைச்சதோட விட வேண்டியது தானே, அதென்ன அமெரிக்காவுல எட்டு வருஷத்துக்கு, பத்து வருஷத்துக்குன்னு தேதி போட்டு குறைக்கிறாங்க, அப்புறம் அதை நிரந்தரமாக்கணும்னு வருஷக்கணக்கா அடிச்சுக்கிறாங்க, 2025ல டிரம்ப் நிரந்தரமாக்கிட்டதா வேற சொல்றாங்க, இதுல யாருக்கு லாபம், நிரந்தரமாக்கினது சரியா தப்பா?"

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த தற்காலிக வரிக்குறைப்பெல்லாம் தற்காலிகமா இருக்கணும்னு நினைச்சு யாரும் கொண்டுவரல. கொண்டுவந்தவங்க முதல் நாள்ல இருந்தே நிரந்தரமாக்க தான் ஆசைப்பட்டாங்க, ஆனா நிரந்தரம்னு எழுதினா செனட்ல (அமெரிக்க நாடாளுமன்றத்தோட மேல்சபை) ஓட்டும் பத்தாது கணக்கும் இடிக்கும், அதனால ஒரு முடிவு தேதியை ஒட்டவெச்சு பாஸ் பண்ணிட்டு, தேதி நெருங்கும்போது "ஐயோ வரி ஏறப்போகுது"ன்னு ஊரே கத்தும், அப்ப பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. புஷ் காலத்துல ஒரு தடவை, டிரம்ப் காலத்துல ஒரு தடவை. ரெண்டு தடவையும் அவங்க போட்ட கணக்கு பெரும்பாலும் பலிச்சுது.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது விசித்திரமா தெரியுறதுக்கு காரணம் இருக்கு. இந்தியாவுல வருமான வரி விகிதம் வருஷா வருஷம் நிதி மசோதாவுல தான் வருது. 2025 பட்ஜெட்டுல புது வரி முறையில 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரி இல்லைன்னு நிர்மலா சீதாராமன் அறிவிச்சப்ப "இது எந்த வருஷம் காலாவதி ஆகும்"னு யாராச்சும் கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க. லோக்சபாவுல மெஜாரிட்டி இருந்தா போதும், நிதி மசோதா பண மசோதாவா வர்றதால ராஜ்யசபா அதை தடுக்க முடியாது, அடுத்த வருஷம் மாத்தணும்னா மாத்திக்கலாம். அமெரிக்காவுல அப்படி இல்ல, வரிச்சட்டத்துல ஒரு தடவை எழுதிட்டா மாத்துற வரைக்கும் அப்படியே கிடக்கும், மாத்தணும்னா ஹவுஸ் (கீழ்சபை), செனட், ஜனாதிபதி மூணு பேரும் ஒத்துக்கணும், அதுலயும் செனட்ல தான் எல்லாம் போய் முட்டிக்கும்.

செனட்ல 100 பேர். சாதாரண மசோதான்னா விவாதத்தை முடிச்சு ஓட்டெடுப்புக்கு கொண்டுவரவே 60 ஓட்டு வேணும், இல்லைன்னா எதிர்க்கட்சி பிலிபஸ்டர் பண்ணி இழுத்துட்டே இருக்கலாம். 60 எந்த கட்சிக்கும் லேசுல கிடைக்காது. அதுக்கு ஒரு பின்வாசல் இருக்கு, ரிகன்சிலியேஷன்னு பேரு, 1974 பட்ஜெட் சட்டத்துல வந்தது. பட்ஜெட் சம்பந்தப்பட்ட மசோதான்னா சாதாரண மெஜாரிட்டியே போதும், 50-50ன்னு வந்தா துணை ஜனாதிபதி ஓட்டு போட்டு முடிச்சிடலாம். ஆனா இந்த வாசலுக்கு ஒரு காவல்காரன் உண்டு, வெஸ்ட் வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்ட் பேர்ல 80கள்ல வந்த பேர்ட் ரூல். அது என்ன சொல்லுதுன்னா, பட்ஜெட் கணக்கு போடுற காலம் தாண்டி (வழக்கமா பத்து வருஷம்) மசோதாவால பற்றாக்குறை ஏறுச்சுன்னா யார் வேணா எழுந்து ஆட்சேபிக்கலாம், அதை மீறணும்னா மறுபடி 60 ஓட்டு. ஆக பெரிய வரிக்குறைப்பை எதிர்க்கட்சி தயவு இல்லாம கொண்டுவரணும்னா அது பத்து வருஷத்துக்குள்ள செத்துப்போகணும், இல்ல வேற எங்கயாச்சும் வரியை ஏத்தி செலவை வெட்டி ஈடு கட்டணும். ரெண்டாவது வழி கஷ்டம். தேதி போடுறது ஈஸி. இவ்வளவு தான் ரகசியம்.

இப்ப 2001க்கு போவோம். இன்னிக்கு நம்பவே முடியாது, அப்ப அமெரிக்க அரசாங்கத்துக்கிட்ட காசு மிச்சம் இருந்துச்சு. 2000ம் வருஷ உபரி 23,600 கோடி டாலர். அடுத்த பத்து வருஷத்துல 5.6 டிரில்லியன், அதாவது 5.6 லட்சம் கோடி டாலர் உபரி வரும்னு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பட்ஜெட் ஆபீஸ் 2001 ஜனவரில கணிச்சுது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோட தலைவர் கிரீன்ஸ்பான் செனட் கமிட்டி முன்னாடி வந்து, இப்படியே போனா கடனெல்லாம் அடைஞ்சு அரசாங்கம் தனியார் பங்குகள வாங்க வேண்டிய நிலைமை வந்துடும், அதனால வரிய குறைக்கலாம்ங்கிற மாதிரி பேசினாரு. கடன் சீக்கிரம் தீர்ந்துடுமோன்னு கவலைப்பட்ட காலம் அது!

ஜார்ஜ் புஷ் 1.6 லட்சம் கோடி டாலருக்கு வரிக்குறைப்பு கேட்டாரு, செனட்ல நடுநிலை ஆளுங்க இழுத்துப்பிடிச்சு 1.35 லட்சம் கோடிக்கு கொண்டுவந்தாங்க, 58-33ல பாஸ் ஆச்சு, ஜூன் 7ம் தேதி கையெழுத்து. 39.6 சதவீதமா இருந்த உச்ச வரி படிப்படியா 35க்கு இறங்கும், கீழ்மட்டத்துக்கு 10 சதவீதம்னு புதுசா ஒரு ஸ்லாப், சைல்டு டாக்ஸ் கிரெடிட் (ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்ட வேண்டிய வரியில கழிக்கிற தொகை) 500ல இருந்து 1000 டாலர். எல்லாமே 2010 டிசம்பர் 31 ராத்திரியோட அவுட். அப்புறம் 2003ல இன்னொரு ரவுண்டு, டிவிடெண்டுக்கும் நீண்டகால மூலதன லாபத்துக்கும் உச்ச வரி 15 சதவீதம்னு குறைச்சாங்க, அப்ப செனட்ல 50-50 ஆகி துணை ஜனாதிபதி டிக் சேனி வந்து ஓட்டு போட்டு தான் நிறைவேறுச்சு. இந்த ரெண்டுக்கும் எதிரா ஓட்டு போட்ட ரிபப்ளிகன் ஒருத்தர் ஜான் மெக்கெய்ன், அவரே 2008ல ஜனாதிபதி வேட்பாளரா நிக்கும்போது இதையெல்லாம் நிரந்தரமாக்கணும்னு பிரச்சாரம் பண்ணாரு. ஏழு வருஷத்துல ஒரு சலுகை எப்படி உரிமையா மாறிடுதுன்னு புரிஞ்சுக்க அந்த ஒரு மனுஷனோட பயணமே போதும்.

இந்த தேதி விளையாட்டுல உச்சகட்ட கூத்து எஸ்டேட் டாக்ஸ். செத்தவங்க சொத்துக்கு போடுற வரி. 2001 சட்டப்படி அது வருஷா வருஷம் குறைஞ்சு 2010ல பூஜ்யம் ஆகும், 2011 ஜனவரி 1ம் தேதி பழையபடி 10 லட்சம் டாலர் விலக்கு, 55 சதவீத உச்ச வரின்னு திரும்பி வரும். அதாவது சட்டப்படி 2010ல செத்தா வரி இல்ல, ஒரு நாள் தள்ளி செத்தா பாதிக்கு மேல போச்சு. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் டீம் ஓனர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் 2010 ஜூலைல இறந்தப்ப குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம்னு பத்திரிகைங்க கணக்கு போட்டுச்சு. இதை உக்காந்து யோசிச்சு டிசைன் பண்ணாங்கன்னா நினைக்கிறீங்க? இல்ல, 1.35 லட்சம் கோடிங்கிற டப்பாவுக்குள்ள எல்லாத்தையும் திணிக்கப்போய் வந்த வினை.

சரி, 2010 டிசம்பர் வந்துச்சு. நடுவுல ரெண்டு போர், ஒரு பொருளாதார சரிவு, உபரியெல்லாம் காணாம போயி பற்றாக்குறை லட்சம் கோடியை தாண்டிடுச்சு. ஒபாமா 2008ல சொன்னது என்னன்னா, குடும்ப வருமானம் 2,50,000 டாலருக்கு கீழ இருக்குறவங்களுக்கு சலுகை அப்படியே தொடரும், மேல இருக்குறவங்களுக்கு முடிஞ்சுபோகட்டும். ஆனா வேலையில்லா திண்டாட்டம் 10 சதவீதத்தை ஒட்டி நிக்குது, நவம்பர் தேர்தல்ல ஹவுஸை இழந்தாச்சு, ரிபப்ளிகன்கள் "எல்லாருக்கும் கொடு, இல்ல யாருக்கும் இல்ல"ன்னு நின்னுட்டாங்க. கடைசில ஒபாமா இறங்கி வந்து எல்லாருக்கும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாரு, பதிலுக்கு வேலை இழந்தவங்களுக்கு உதவித்தொகை நீட்டிப்பும், சம்பளத்துல பிடிக்கிற சோஷியல் செக்யூரிட்டி (அரசு பென்ஷன்) வரியில 2 சதவீத தள்ளுபடியும் வாங்கினாரு. மொத்த பில் சுமார் 85,800 கோடி டாலர். செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் இதை எதிர்த்து செனட்ல எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னு பேசினது அப்ப தான், அவரு நாடு முழுக்க தெரிய ஆரம்பிச்சதே அன்னிக்கு தான்னு சொல்லலாம்.

அடுத்த கெடு 2012 டிசம்பர் 31. இதை தான் ஃபிஸ்கல் க்ளிஃப் (நிதிப் பாறையோட விளிம்பு)னு பத்திரிகைங்க பயமுறுத்துச்சு. இங்க நடந்தது எனக்கு ரொம்ப பிடிச்ச அரசியல் காமெடி. ரிபப்ளிகன் எம்பிக்கள்ல பெரும்பாலானவங்க க்ரோவர் நார்குவிஸ்ட்ங்கிறவரோட அமைப்புக்கு "வரியை ஏத்த மாட்டோம்"னு எழுதி கொடுத்தவங்க. டிசம்பர் 31க்குள்ள ஒபாமா கேட்ட மாதிரி ஓட்டு போட்டா பணக்காரங்களுக்கு வரி ஏத்தின பாவம் வரும். நள்ளிரவு தாண்டிட்டா? பழைய சலுகையெல்லாம் சட்டப்படி செத்தாச்சு, எல்லாருக்கும் வரி ஏறியாச்சு, இப்ப அதே மசோதாவுக்கு ஓட்டு போட்டா 99 சதவீதம் பேருக்கு வரி குறைச்சவங்க ஆயிடுவாங்க! 2013 ஜனவரி 1 விடியக்காலைல செனட்ல 89-8, அன்னிக்கு ராத்திரி ஹவுஸ்ல 257-167. ஒபாமா ஹவாய்ல லீவுல இருந்தாரு, ஆட்டோபென் மெஷின் தான் கையெழுத்து போட்டுச்சு.

அந்த சட்டத்துல தனியா ஃபைல் பண்ணுறவங்களுக்கு 4 லட்சம், தம்பதிக்கு 4.5 லட்சம் டாலர் வருமானம் வரைக்கும் புஷ் சலுகை நிரந்தரம், அதுக்கு மேல 39.6 திரும்ப வந்துச்சு. இப்ப இதோட கணக்கை பாருங்க. சட்டப்படி எல்லாம் காலாவதி ஆகியிருக்கும்னு வெச்சு பாத்தா இது பற்றாக்குறையை பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி ஏத்துது. நேத்து வரைக்கும் இருந்த நடைமுறையோட ஒப்பிட்டா 60,000 கோடி டாலர் மாதிரி கூடுதல் வருமானம் தருது. ஒரே சட்டம், ஒரே நம்பர்கள், ஒருத்தர் பெரிய வரிக்குறைப்புன்னாரு இன்னொருத்தர் வரி உயர்வுன்னாரு, ரெண்டும் உண்மை. எந்த கோட்டுல இருந்து அளக்குறோம்ங்கிறது தான் விஷயம், அந்த கோட்டுக்கு பேஸ்லைன்னு பேரு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, 2025ல இது தான் ஹீரோ.

அதே ஜனவரில சத்தமே இல்லாம ஒண்ணு செத்துப்போச்சு, கவனிச்சீங்களா? சம்பளத்துல 2 சதவீத தள்ளுபடி. ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளம் வாங்குறவருக்கு 1000 டாலர் காலி. அதுக்காக எந்த கட்சியும் தெருவுக்கு வரல. அதுக்கும் முன்னாடி 2009ல ஒபாமா கொடுத்த 400 டாலர் மேக்கிங் வொர்க் பே கிரெடிட் 2010ஓட போச்சு. 2021ல பைடன் சைல்டு டாக்ஸ் கிரெடிட்டை 3000, 3600 டாலர்னு ஏத்தி மாசாமாசம் பேங்குல போட்டாரு, ஒரே வருஷம், அவரோட சொந்த கட்சி செனட்டர் ஜோ மான்ச்சின் ஒத்துக்காததால நீட்டிக்க முடியல. ஒபாமாகேர் மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 2021ல கூட்டி கொடுத்த சலுகை 2025 கடைசில முடிஞ்சுது, அதை நீட்டிக்க சொல்லி தான் 2025 அக்டோபர் 1ல இருந்து 43 நாள் அரசாங்கமே மூடிக்கிடந்துச்சு, அப்பவும் கிடைக்கல. தற்காலிகமா கொடுத்தா திரும்ப எடுக்கவே முடியாதுன்னு பொதுவா சொல்லுவாங்க, எனக்கு அது அரை உண்மையா தான் தெரியுது. யார் கையில இருக்குற சலுகைங்கிறத பொறுத்து எடுக்க முடியுது. நியாயமா ஒண்ணையும் சொல்லணும், 2009ல ஏழைக் குடும்பங்களுக்கு சைல்டு கிரெடிட்டை தளர்த்தினது 2015ல நிரந்தரமாச்சு, ஆனா எப்படி? 1981ல இருந்து தற்காலிகமாவே புதுப்பிச்சுட்டு வந்த கம்பெனிகளோட ஆராய்ச்சி செலவு கிரெடிட்டை நிரந்தரமாக்குற அதே பேரத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

டிரம்ப் கதைக்கு வருவோம். 2017 டிசம்பர் 22 கையெழுத்து. மறுபடி அதே ரிகன்சிலியேஷன், செனட்ல 51-48, பத்து வருஷத்துக்கு 1.5 லட்சம் கோடி டாலர் தான் டப்பாவோட அளவு. (பேர்ட் ரூல் எவ்வளவு கறாருன்னா சட்டத்தோட பேரையே ஆட்சேபிச்சு தூக்கிட்டாங்க, எல்லாரும் டாக்ஸ் கட்ஸ் அண்ட் ஜாப்ஸ் ஆக்ட்னு சொல்றாங்களே, சட்டப் புத்தகத்துல அதிகாரப்பூர்வமா அந்த பேரே கிடையாது.) கம்பெனி வரியை 35ல இருந்து 21க்கு குறைச்சதுக்கே 1.3 லட்சம் கோடிக்கு மேல போயிடுச்சு, அதை நிரந்தரமாக்கிட்டாங்க. தனிநபருக்கு கொடுத்ததுக்கு மட்டும் 2025 டிசம்பர் 31னு தேதி. காரணம்? கம்பெனிக்காரன் இருபது வருஷத்துக்கு ஃபேக்டரி போடுறான், அவனுக்கு நிச்சயம் வேணும்னு வெளிய சொன்னாங்க, அதுல உண்மையும் இருக்கு. சொல்லாத காரணம், கம்பெனி வரி குறைப்பு காலாவதி ஆனா மக்கள்ல யாரும் அழ மாட்டாங்க, தனிநபர் வரி ஏறப்போகுதுன்னா எந்த கட்சி ஆட்சியில இருந்தாலும் நீட்டிச்சே ஆகணும். அதனால தானா நிக்காததுக்கு நிரந்தரம், தானே நின்னுக்கும்ங்கிறதுக்கு தேதி. அடுத்த வருஷமே, 2018 செப்டம்பர்ல, ஹவுஸ்ல ரிபப்ளிகன்கள் தனிநபர் சலுகையை நிரந்தரமாக்க ஒரு மசோதா பாஸ் பண்ணாங்க, செனட்ல 60 கிடைக்காதுன்னு தெரிஞ்சே பண்ணது, தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி.

ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை ரெண்டு மடங்கு ஆக்கினோம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்களே, அதை கொஞ்சம் பிரிச்சு பாக்கணும், குறிப்பா ஹெச்1பி வேலை விசால இருக்குற நம்ம குடும்பங்கள். தனி ஆளுக்கு 6,350 டாலர் 12,000 ஆச்சு, சரி. ஆனா தலைக்கு 4,050 டாலர்னு இருந்த பெர்சனல் எக்செம்ப்ஷனை அதே சட்டம் பூஜ்யமாக்கிடுச்சு. அப்ப 10,400ல இருந்து 12,000. ரெண்டு பிள்ளைங்க இருக்குற தம்பதிக்கு 2017ல 12,700ம் நாலு பேருக்கு 16,200ம் சேத்து 28,900 டாலர் வரி இல்லாம இருந்துச்சு, 2018ல வெறும் 24,000. அதை ஈடு கட்ட தான் சைல்டு கிரெடிட்டை 2000 ஆக்கினாங்க, விகிதத்தையும் குறைச்சாங்க. ஆனா அந்த கிரெடிட்டுக்கு பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயம்னு ஒரு வரி போட்டாங்க. ஹெச்4 குடும்ப விசால வந்த பிள்ளைக்கு அந்த நம்பர் கிடைக்காது, ஐடின் (அந்த நம்பர் கிடைக்காதவங்களுக்கு கொடுக்குற வரி நம்பர்) தான், அதனால 2000 கிடையாது, 500 டாலர் வேற கிரெடிட். முன்னாடி இங்கயே குடியிருந்தா ஐடின் வெச்சே 1000 கிடைச்சிட்டிருந்துச்சு. வரி சீசன்ல "எல்லாருக்கும் குறைஞ்சுதுன்னாங்க, எனக்கு ஏன் குறையல"ன்னு கேட்ட நம்ம ஆளுங்க பல பேருக்கு பதில் இதுல தான் இருந்துச்சு. எஃப்1 விசால படிக்கிற இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அதிர்ஷ்டம், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தோட 21வது ஷரத்துப்படி மத்த நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் நம்ம பசங்களுக்கு உண்டு, அது பெருசானதுல அவங்களுக்கு லாபம்.

இப்ப 2025. தேதி நெருங்குது. காலாவதி ஆனா 62 சதவீதம் பேருக்கு 2026ல வரி ஏறும்னு டாக்ஸ் ஃபவுண்டேஷன்ங்கிற ஆய்வு அமைப்போட கணக்கு சொல்லுச்சு. டெமாக்ரட்டுகளும் முழுசா எதிர்க்கல, இதை நிறைய பேர் மறந்துடறாங்க, பைடன், கமலா ஹாரிஸ் ரெண்டு பேருமே 4 லட்சம் டாலருக்கு கீழ யாருக்கும் வரி ஏத்த மாட்டோம்னு வாக்கு கொடுத்தவங்க. அதாவது சலுகைல பெரும் பங்கை நீட்டிக்கிறதுல ரெண்டு கட்சிக்கும் சண்டையே இல்ல, உச்சில இருக்குற சில சதவீதம் பேரை பத்தி தான் சண்டை. அப்ப பைசா எங்கிருந்து வரும்னு ரெண்டு பக்கமும் நேரா பேசல, ஏன்னா நேரா பேசினா ஓட்டு போயிடும். நீட்டிப்புக்கு பத்து வருஷத்துல வட்டியோட சேத்து 4 லட்சம் கோடிக்கு மேல ஆகும்னு காங்கிரஸ் பட்ஜெட் ஆபீஸ் முன்னாடியே சொல்லியிருந்துச்சு.

பேர்ட் ரூல் இன்னும் அங்கயே தான் இருக்கு, அப்ப நிரந்தரம்னு எப்படி எழுதினாங்க? இங்க தான் பேஸ்லைன். செனட் பட்ஜெட் கமிட்டி தலைவர் லிண்ட்சே கிரஹாம், பட்ஜெட் சட்டத்துல 312வது பிரிவுப்படி எந்த கோட்டுல இருந்து அளக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்கு இருக்குன்னு சொல்லி, "இப்ப நடைமுறையில இருக்குற வரி விகிதம் அப்படியே தொடரும்னு வெச்சு அளப்போம், அப்படி பாத்தா நீட்டிக்கிறதுக்கு செலவே இல்ல"ன்னுட்டாரு. மூணு மாசத்துக்கு மட்டும்னு மச்சான் காரை வாங்கிட்டு போனவன், மூணு மாசம் முடிஞ்சதும் "நான் தான் ஏற்கனவே ஓட்டிட்டிருக்கேனே, இனிமே நானே வெச்சுக்கிட்டா உனக்கு புதுசா என்ன நஷ்டம்"னு கேட்ட மாதிரி. 2017ல தேதி போட்டப்ப செலவு கம்மின்னு காட்டிக்கிட்டாங்க, 2025ல தேதியை அழிக்கும்போது செலவே இல்லைன்னு காட்டிக்கிட்டாங்க, ஆக அந்த செலவு எந்த வருஷத்து கணக்குலயும் முழுசா ஏறவே இல்ல. வழக்கமான கோட்டுல இருந்து அளந்தா அந்த 2025 சட்டத்தால பத்து வருஷத்துல பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி ஏறும், கிரஹாம் கோட்டுல இருந்து அளந்தா குறையவே செய்யும். இதுக்கு முன்னாடி ரிகன்சிலியேஷன்ல வரி மசோதாவுக்கு யாரும் இப்படி செஞ்சதில்ல. என்னை கேட்டா வரி விகிதத்தை விட இது தான் பெரிய மாற்றம், நாளைக்கு டெமாக்ரட்டுகள் வந்து ஒரு வருஷத்துக்குன்னு ஒரு நலத்திட்டம் கொண்டுவந்து அடுத்த வருஷம் இதே கோட்டை காட்டுவாங்க, அப்ப ரிபப்ளிகன்கள் என்ன சொல்லி தடுப்பாங்க?

ஜூலை 1ம் தேதி செனட்ல 50-50, துணை ஜனாதிபதி ஜேடி வான்ஸ் ஓட்டு போட்டு 51-50. ரேண்ட் பால், தாம் டில்லிஸ், சூசன் காலின்ஸ் மூணு ரிபப்ளிகன்கள் எதிர்த்தாங்க. ஹவுஸ்ல 218-214. ஜூலை 4 கையெழுத்து.

நிரந்தரமா இருக்குறது நல்லதா? பொருளாதாரப்படி பாத்தா நிரந்தரம் பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கு. பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மேன் 50கள்லயே சொன்னது, ஜனங்க இந்த மாசம் கைக்கு வர்ற காசை பாத்து செலவு பண்றதில்ல, நீண்டகாலத்துல எவ்வளவு வரும்னு பாத்து தான் செலவு பண்றாங்க, அதனால தற்காலிக வரிக்குறைப்புல பெரும்பாகம் சேமிப்புக்கோ கடன் அடைக்கவோ போயிடும். தலைகீழாவும் இது உண்மை, 1968ல லிண்டன் ஜான்சன் வியட்நாம் போர் நேரத்துல விலைவாசியை அடக்க தற்காலிகமா 10 சதவீத சர்சார்ஜ் போட்டாரு, மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு செலவை குறைக்கல, விலைவாசியும் அடங்கல. ஆக வேலை, முதலீடு, தொழில் விரிவாக்கம் இதையெல்லாம் தூண்டணும்னா நிரந்தர குறைப்பு தான் வேலை செய்யும், சரிவு நேரத்துல அவசரமா பணத்தை இறக்கணும்னா தற்காலிகம் ஓகே, அதுவும் கையில காசில்லாதவங்களுக்கு கொடுத்தா தான் கடைக்கு போகும். புஷ்ஷும் டிரம்ப்பும் பண்ணது இந்த ரெண்டும் இல்ல, வளர்ச்சிக்குன்னு சொல்லி தற்காலிகமா கொடுத்தது. அந்த வகையில 2025ல தேதியை அழிச்சது குழப்பத்தை குறைச்சுது, மறுக்க முடியாது.

ஆனா காசு? 2011 ஆகஸ்டுல கடன் தரத்தை மதிப்பிடுற எஸ் அண்ட் பி கம்பெனி முதல் முறையா அமெரிக்காவோட டிரிபிள் ஏ (மிக உயர்ந்த) ரேட்டிங்கை குறைச்சப்ப சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, புஷ் வரிக்குறைப்பு காலாவதி ஆகும்னு நாங்க இனிமே நம்பலங்கிறது. 2025 மே மாசம் அதே மாதிரி கம்பெனியான மூடிஸும் குறைச்சுது, 2017 சலுகையை நீட்டிச்சா பத்து வருஷத்துல 4 லட்சம் கோடி மாதிரி பற்றாக்குறை கூடும்னு அதுவும் எழுதுச்சு. 2024 நிதியாண்டுல கடனுக்கு கட்டுன வட்டி சுமார் 88,000 கோடி டாலர், ராணுவ செலவை தாண்டிடுச்சு. கொஞ்சமாச்சும் ஈடு கட்டணும்னு 2025 சட்டத்துல மெடிக்கெய்டு (ஏழைங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு), உணவு உதவி ரெண்டுலயும் கை வெச்சாங்க. எல்லாத்தையும் சேத்து பாத்தா கீழ்மட்ட 10 சதவீத குடும்பங்களுக்கு வருஷம் சராசரியா 1,200 டாலர் நஷ்டம், மேல்மட்ட 10 சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம்னு காங்கிரஸ் பட்ஜெட் ஆபீஸ் ஆகஸ்டுல சொல்லுச்சு. "நிரந்தரமாக்கினது தப்பு"ன்னு நான் சொல்ல மாட்டேன், 4 லட்சம் டாலருக்கு கீழ நிரந்தரமாக்கிட்டு மேல இருக்குறத 2012 மாதிரி முடிய விட்டிருக்கலாம். 2012ல அது நடந்ததுக்கு காரணம் ஒபாமா அப்ப தான் ரெண்டாவது தடவை ஜெயிச்சிருந்தாரு, ஒண்ணும் பண்ணாம இருந்தா வரி தானா ஏறும், அது அவர் கைக்கு பலம். 2025ல மூணு இடமும் ஒரே கட்சி கையில. தேதி போடுறவங்களுக்கு அந்த தேதில யார் நாற்காலில இருப்பாங்கன்னு தெரியாது, அந்த அளவுக்கு இது சூதாட்டம் தான்.

நம்மளை பாதிக்கிற விஷயங்களையும் சொல்லிடறேன். பெர்சனல் எக்செம்ப்ஷன் இனி நிரந்தரமா கிடையாது. பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணும்ங்கிறதும் நிரந்தரம், கூடவே பெத்தவங்கள்ல ஒருத்தருக்காச்சும் அந்த நம்பர் இருக்கணும், சைல்டு கிரெடிட் 2,200. ஊருக்கு பணம் அனுப்புனா வரின்னு முதல்ல 5 சதவீதம், அப்புறம் 3.5னு பயமுறுத்தினது கடைசில 1 சதவீதமா வந்துச்சு, 2026 ஜனவரில இருந்து, அதுவும் ரொக்கமாவோ மணி ஆர்டராவோ கொடுத்து அனுப்புனா தான், பேங்க் அக்கவுண்டுல இருந்து அனுப்புனா கிடையாது. எஸ்டேட் டாக்ஸ் விலக்கு ஒரு ஆளுக்கு 1.5 கோடி டாலர்னு நிரந்தரமாச்சு, ஆனா இந்தியாவுல உக்காந்துக்கிட்டு ஆப்ல அமெரிக்க ஷேர் வாங்குறவங்க சந்தோஷப்படாதீங்க, அங்க குடியுரிமையும் இல்ல குடியிருப்பும் இல்லைன்னா விலக்கு 60,000 டாலர் தான், அதுல ஒரு மாற்றமும் இல்ல.

இவ்வளவு பேசி தேதியை அழிச்ச அதே சட்டத்துல புதுசா தேதி போட்டது என்னென்னன்னு பாத்தீங்களா? டிப்ஸ் வருமானத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் கழிவு, ஓவர்டைமுக்கு 12,500, 65 வயசு தாண்டினவங்களுக்கு 6,000, கார் லோன் வட்டிக்கு 10,000. டிரம்ப் தேர்தல்ல மேடைக்கு மேடை சொன்ன அத்தனையும், வெயிட்டருக்கும் தொழிலாளிக்கும் தாத்தா பாட்டிக்கும் போறது. எல்லாம் 2028 டிசம்பர் 31 வரைக்கும் தான். அதுக்கு கிட்டத்தட்ட எட்டு வாரம் முன்னாடி ஜனாதிபதி தேர்தல். நியூஜெர்சி, கலிபோர்னியா பக்கம் வீடு வாங்கி சொத்து வரி கட்டுறவங்களுக்கு 10,000ல இருந்து 40,000 டாலரா ஏறின சால்ட் (மாநில, உள்ளூர் வரியை வருமானத்துல கழிச்சுக்கிற) வரம்பு 2029 வரைக்கும் ஓடும், 2030ல மறுபடி 10,000.